வீட்டு வீடியோவை டிவிடியாக்கும்போது கவனிக்க வேண்டியவை

கைபேசியில் எடுத்த எம்பி4 கோப்பை வெற்று வட்டில் அப்படியே எழுதினால் கணினியில் அது ஓடும். ஆனால் தொலைக்காட்சியோடு இணைந்த பழைய டிவிடி பிளேயர் பெரும்பாலும் அதைத் தொடாது. 1996இல் விற்பனைக்கு வந்த டிவிடி, எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்ட படத்தையும், 'வீடியோ_டிஎஸ்' என்ற கோப்புறைக்குள் விஓபி, ஐஎஃப்ஓ கோப்புகளாக அது அடுக்கப்பட்டிருப்பதையும் எதிர்பார்க்கிறது. ஆகவே வடிவமாற்றம், அடுக்குதல், எழுதுதல் என வேலை மூன்றாகப் பிரிகிறது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் முதல் வேலையைச் செய்யும். டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருள் மூன்றையுமே செய்துவிடும். பலர் பரிந்துரைக்கும் ஹேண்ட்பிரேக் இதற்கு உதவாது. அது டிவிடியிலிருந்து கோப்பை உருவாக்குமே தவிர, டிவிடியை உருவாக்காது.

உண்மையில் யோசிக்க வேண்டிய இடம், பிஏஎல், என்டிஎஸ்சி ஆகிய இரண்டு தொலைக்காட்சிப் பட முறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான். பிஏஎல் முறையில் படம் 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகங்கள் (ஃபிரேம்கள்). என்டிஎஸ்சியில் 720×480 புள்ளிகள், நொடிக்கு 29.97 சட்டகங்கள். பிஏஎல் புழங்கும் இடத்தில் இருப்பவர்கள் யோசிக்காமல் அதையே தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் கைபேசிகள் பொதுவாக நொடிக்கு 30 சட்டகங்கள் எடுப்பதால், அதை 25ஆகக் குறைக்கும்போது இடையிடையே சட்டகங்கள் உதிர்ந்து, கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளிலும் ஓடும் குழந்தைகளிலும் ஒரு வெட்டு தெரியும். பிஏஎல் நாடுகளில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை என்டிஎஸ்சி வட்டையும் ஓட்டிவிடும் என்பதால், கைபேசிக் காட்சிகளுக்கு நான் என்டிஎஸ்சியையே தேர்ந்தெடுக்கிறேன். கொஞ்சம் கூர்மை குறைந்தாலும் அசைவு சீராக இருக்கிறது. கேம்கார்டர் ஒளிநாடாவிலிருந்து எடுத்தவை ஏற்கெனவே பிஏஎல்லாக இருந்தால் அவற்றை மாற்றாமல் விடுவதே நல்லது.

கைபேசிக் காட்சிகளில் இன்னொரு தொல்லை, சட்டக வேகம் நிலையாக இருக்காது என்பது. வடிவமாற்றத்தின்போதே அதை நிலையான வேகத்துக்குக் கொண்டுவராவிட்டால், நேரம் போகப் போக உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடைவெளி கூடும். நெட்டுவாக்கில் எடுத்தவற்றுக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை விடுவதைத் தவிர வழியில்லை; அகலத்தை நிரப்ப இழுத்தால் எல்லோரும் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார்கள்.

ஒரு வட்டில் எவ்வளவு நேரம் என்பது வெறும் கணக்கு. 4.7 ஜிபி வட்டை ஒரு மணி நேரக் காட்சிக்கு மட்டும் ஒதுக்கினால், படத்தின் ஒவ்வொரு நொடிக்கும் 8 மெகாபிட்டுக்கு மேல் தரவைத் தாராளமாகக் கொடுக்கலாம் (டிவிடி படத்துக்கான உச்சவரம்பு 9.8). இரண்டு மணி நேரம் என்றால் ஒலியையும் சேர்த்து 5 மெகாபிட் அளவுக்கு இறங்க வேண்டும். கை நடுங்க எடுத்த படத்துக்கு அது போதாது, கட்டம் கட்டமாக உடையும். நான்கு மணி நேரத்தை ஒரே வட்டில் திணிப்பதைவிட வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே சரி.

வட்டைப் போட்டதும் வரும் தொடக்கப் பட்டியில் (மெனுவில்) பின்னணி இசை வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கோரிக்கை. ரிமோட்டைத் தேடுவதற்குள் அது நான்கு முறை திரும்ப ஒலித்துவிடும்.

எழுதுவதற்கு, ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி-ஆர் வட்டே போதும். அழித்து எழுதும் வட்டுகள் ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் சில பழைய பிளேயர்கள் அவற்றைப் படிக்கத் திணறும். வட்டை நிறைவுசெய்யும் (ஃபைனலைஸ்) தேர்வை மறக்காமல் இயக்கி, எழுதி முடிந்ததும் கணினியில் அல்லாமல் அந்தப் பிளேயரிலேயே கடைசிக் காட்சி வரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த பிரதிகளை எழுதுவேன்.