கறுப்பு கார், இரண்டு வாளி, ஏசி தண்ணீர்

கறுப்பு கார் வேண்டாம் என்று அப்பா அப்போதே சொன்னார். கேட்கவில்லை. மேடவாக்கம் பக்கம் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து என் கார் சாம்பல் நிறத்தில்தான் நிற்கிறது.

எங்கள் குடியிருப்பில் கார் துடைக்க ஓர் அண்ணன் வருகிறார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, ஏழெட்டு கார். நாம் கொடுக்கிற காசுக்கு அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தப்பு. ஆனால் ஒருநாள் ராத்திரி போன் டார்ச்சை பானெட் மேல் அடித்துப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக நுண்ணிய கீறல்கள். முன்னால் துடைத்த நாலு காரின் மண்ணும் அந்தத் துணியில்தானே இருக்கிறது! பெயின்ட்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லிசு. அதைத் தினமும் ஈர மணலால் தேய்த்தால் என்ன ஆகும்?

இனி நானே கழுவிக்கொள்வது என்று முடிவு. ஆனால் பார்க்கிங்கில் ஹோஸ் போடக் கூடாது. 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு லாரித் தண்ணீருக்கு நாங்கள் தவம் கிடந்தபோது அசோசியேஷன் போட்ட விதி. நியாயமான விதிதான். வாளிக்குத் தடை இல்லை.

முதல் ஞாயிறு: இரண்டு வாளி போர் தண்ணீர், கார் ஷாம்பு, பழைய பனியன். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலசுவதற்கு வெறும் தண்ணீர். ஒரு மணி நேரம் முதுகு ஒடியக் கழுவிவிட்டு மேலே போய்க் காபி குடித்துவிட்டு வந்தால், கார் முழுக்க வெள்ளைப் புள்ளி. கழுவாத காரே தேவலை என்று இருந்தது.

வீட்டில் ஆர்ஓ மெஷின் வாங்கிய காலத்து டிடிஎஸ் மீட்டர் கிடந்தது, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளப்பது. போர் தண்ணீரில் விட்டேன்: 1,180. அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் காய்ந்தால் ஒரு கிராமுக்கு மேல் உப்பு மிஞ்சும். ஆர்ஓவில் வீணாகிற தண்ணீரில் கார் கழுவலாம் என்று பல பேர் யோசனை சொல்வார்கள். அதையும் அளந்தேன், 1,700! யோசித்தால் சரிதானே, வடிகட்டிப் பிரித்த உப்பெல்லாம் அதில்தான் வருகிறது. தரை துடைக்க நல்லது, காருக்கு வேண்டாம். அப்புறம் பால்கனியில் சொட்டிக்கொண்டிருந்த ஏசி குழாயின் கீழ் மீட்டரைப் பிடித்தேன். 28. இரண்டு தடவை துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், 28தான். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர், அதில் உப்பு எங்கிருந்து வரும்?

அன்றிலிருந்து ஏசி குழாயை 20 லிட்டர் கேனுக்குள் விட்டேன். சென்னைப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் ஏழு லிட்டர் வரைக்கும் சேர்ந்தது. ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் இருக்கிற தூசும் கூடவே வரும் என்பதால் வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்கிறேன்.

இரண்டாவது ஞாயிறு கேனைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கியதைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணன், “என்ன சார், குழாயில தண்ணி வரலையா?” என்றார்.

“வருதுண்ணே. இது ஏசி தண்ணி, உப்பு இல்ல.”

“அப்ப இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாமே சார்?”

அதற்கு மட்டும் வேண்டாம் என்றேன். காயிலின் உலோகத் துகள் கலந்திருக்கலாம், பேட்டரிக்குக் கடையில் விற்கிற டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி.

இந்த முறை ரின்ஸ்லெஸ் வாஷ். அலசவே தேவையில்லாத திரவம். அதிலிருக்கும் பாலிமர் அழுக்கைச் சுற்றி வழவழப்பாக்கி, கீறாமல் தூக்கிவிடுகிறது. பாட்டிலில் 1:256 என்று போட்டிருந்தது, 5 லிட்டருக்கு 20 மில்லி. எட்டு மைக்ரோஃபைபர் துணிகளை அதில் ஊறப்போட்டேன். ஒரு துணியை நாலாக மடித்தால் எட்டுப் பக்கம். ஒரு பக்கத்தால் ஒரே திசையில் ஒரு இழுப்பு, உடனே அடுத்த பக்கம். அழுக்கான துணி திரும்ப வாளிக்குள் போகக் கூடாது, அதுதான் முக்கியம். மேலிருந்து கீழே வரவேண்டும். கதவின் அடிப்பகுதியில்தான் மண் அதிகம், அது கடைசி. கெட்டியாகச் சேறு அப்பியிருந்தால் இந்த முறை சரிப்படாது, முதலில் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவத்தான் வேண்டும். மொத்தம் 6 லிட்டர் செலவு. ஒரு புள்ளி இல்லை.

பழைய புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன. வெள்ளை வினிகரில் சரிபாதி ஏசி தண்ணீர் கலந்து, துணியை நனைத்து இரண்டு நிமிடம் போட்டு எடுத்தேன். பெரும்பாலும் கரைந்துவிட்டன. பானெட்டில் நாலைந்து போகவே இல்லை, கிளியர் கோட்டையே அரித்திருக்கிறது. பார்க்கிங் பைப் மேல் குடித்தனம் நடத்தும் புறாக்களின் கைவண்ணமும் அதே ரகம். எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலம் ஒரு நாள் வெயிலில் கிடந்தால் போதும்.

மூன்றாவது வாரம் க்ளே. காய்கறிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழவென்று இருப்பது கவருக்குள் சொரசொரவென்று தெரியும். அதை எடுக்கத்தான் இந்தக் களிமண். ரின்ஸ்லெஸ் தண்ணீரைத் தெளித்து லேசாக வழுக்கிக்கொண்டு போகவேண்டும். பாதி வேலையில் கட்டி கை நழுவித் தரையில் விழுந்தது. விழுந்தால் தூக்கிப் போடு என்பார்கள். எனக்கு மனசு வரவில்லை, மண் ஒட்டிய பக்கத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தேய்த்தேன். இடது முன்கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. இன்னும் இருக்கிறது.

நாலாவது வாரம் வேக்ஸ். கார்னௌபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலை மெழுகு. ஓலையின் ஈரம் வெயிலில் போகாமலிருக்க மரமே பூசிக்கொள்வது. உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். இதெல்லாம் படித்துவிட்டுப் பனங்காட்டுக்காரன் கெத்தோடு இறங்கினேன். செய்த தப்பு, கார் முழுக்க ஒரே மூச்சில் பூசியது. அதுவும் கெட்டியாக. நடுவில் ஆபீஸ் போன், அரை மணி நேரம். திரும்பி வந்து துடைத்தால் வரவே மாட்டேன் என்கிறது. கை கழன்றுவிடும் போல ஆனபிறகுதான் வழி தெரிந்தது: காய்ந்ததன் மேலேயே கொஞ்சம் புது வேக்ஸ் தடவினால் பழையது இளகும், உடனே துடைத்துவிடலாம். அடுத்த முறை ஒரு கதவு, பூசு, காயவிடு, துடை, அப்புறம் அடுத்த கதவு. விரலால் ஒரு கோடு இழுத்தால் சுத்தமாக வரவேண்டும், ஈஷினால் இன்னும் காயவில்லை. பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டுவிட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும், அங்கே முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுவது நல்லது.

டார்ச் அடித்தால் சிலந்தி வலை இன்னும் தெரிகிறது. வேக்ஸ் கீறலை எடுக்காது, கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். பாலிஷ் மெஷின் வரைக்கும் போக எனக்குத் தைரியம் இல்லை. துடைக்கும் அண்ணனிடம் காசைக் குறைக்காமல், கண்ணாடியும் டயரும் மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். “பாடிக்கு என்ன சார் ஆச்சு?” என்று சந்தேகமாகப் பார்த்தார். டார்ச்சைக் காட்டவில்லை, வருத்தப்படுவார்.

ஐப்பசி பிறந்தால் ஏசி ஓடாது, கேன் காலியாகத்தான் கிடக்கும். மொட்டை மாடியில் ஒரு டிரம் வைத்து மழைத் தண்ணீர் பிடிக்கலாம் என்று யோசனை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.