ஆறு அமர்வுக்குள் என்ன செய்ய முடியும்?

உளவளத்துணை (கவுன்சிலிங்) தேடி வருகிற துணைநாடி ஆறு தடவைதான் வருவார் என்று தெரிந்ததும் ஆலோசகர்களான நம்மில் பலர் அறிவுரையில் இறங்கிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நிபந்தனையில்லாமல் ஏற்பது, அவர் இடத்திலிருந்து உணர்வது, நாம் உண்மையாக இருப்பது என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதியவை நாள் குறைந்தால் தள்ளிவைக்கிற சங்கதிகள் இல்லை. நாள் குறையும்போதுதான் அவை இன்னும் அவசியம்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு அமர்வு என்பது லேசுப்பட்டதல்ல. மலையை விட்டு நேரத்தோடு இறங்கினால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும், பஸ் காசு வேறு. அதனால் எத்தனை தடவை சந்திப்போம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், எதைப் பேசுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

அப்புறம், ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் அது எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்க வேண்டும். உளவியலாளர்கள் ஸ்கொட் மில்லரும் பரி டங்கனும் இதற்கென்றே நான்கு கோடுகள் கொண்ட ஒரு சின்னத் தாளை உருவாக்கினார்கள்: நான் சொன்னதைக் கேட்டார்களா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, இந்த முறை எனக்குப் பொருந்துகிறதா, மொத்தத்தில் இன்று எப்படி. ஒவ்வொன்றும் 10 சென்ரிமீற்றர் கோடு, அதில் ஒரு அடையாளம் போட்டால் போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆனால் நம் ஆட்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். நுண்கடன் தவணையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய ஒரு அக்கா நான்கு கோட்டிலும் கடைசி முனையில் புள்ளி வைத்துவிட்டு, "நல்லாத்தான் மிஸ் இருந்துச்சு" என்றார். "இன்னைக்குப் பேசாம விட்டது ஏதும் இருக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். கொழுந்துக் கறை படிந்த பெருவிரலைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தவர், "மக கொழும்புல வேலைக்கு நிக்கிறா. போன் எடுக்கிறதே இல்ல" என்றார். அடுத்த அமர்வு முழுக்க மகளைப் பற்றித்தான் பேசினோம், கடன் பேச்சே வரவில்லை.

தாளை விட அந்தக் கேள்விக்குப் பின்னால் நாம் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களிடம் வாயாலேயே கேட்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

இடையில் போனில் பேசலாமே என்கிறார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் கதவைச் சாத்திப் பேச ஒரு அறை, வாரத்தில் ஒரு பின்னேரம் கிடைத்தால்கூடப் போதும். தோட்டத்தை நடத்துகிற துரைமாரிடம் இதைக் கேட்டுப் பார்க்கக்கூடியவர்கள் தயவுசெய்து கேளுங்கள்.