கைடு வராத ஆண்டு

2018 ஜூன். மகள் பிளஸ் ஒன் சேர்ந்த வாரம். சேலத்தில் வழக்கமாகப் போகும் கடையில் இயற்பியல் கைடு கேட்டேன். "புக்கே இப்பத்தான் வந்திருக்குங்க சார். கைடுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும்" என்றார் கடைக்காரர். 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்த ஆண்டு அது. இயற்பியல் மட்டும் இரண்டு தொகுதி. உள்ளே வண்ணப் படங்கள், கியூஆர் கோடு. தூக்கிப் பார்த்ததுமே எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

அக்கா மகன் சில வருடங்களுக்கு முன் இதே பள்ளியில் படித்தவன். அவனுடைய பிளஸ் ஒன் புத்தகம் மடிப்புக் கலையாமல் பழைய பேப்பர் கடைக்குப் போனது. பிளஸ் ஒன் ஜூலையிலேயே பிளஸ் டூ போர்ஷனை ஆரம்பித்து, இரண்டு வருடமும் அதையே ஓட்டுவார்கள். 1200க்கு 1120 எடுத்தான். கல்லூரி முதல் செமஸ்டரில் தடுமாறினான். இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 2017இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். மொத்த மதிப்பெண் 600 ஆனது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று சொல்லும் ப்ளூபிரிண்ட்டும் போனது. அதனால் பாடங்களை 'சாய்ஸில் விட' வழியில்லை.

பாடத்திட்டம் மாறிவிட்டது, பள்ளி மாறவில்லை. தினமும் டைரியில் ஒரே வரி: 'புக் பேக், 3 டைம்ஸ்'. பாடத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளுக்கு விடை மூன்று முறை எழுத வேண்டும். மறுநாள் காலையில் ஸ்லிப் டெஸ்ட், தப்பினால் இம்போசிஷன். இரவு பதினொன்றரைக்கும் எழுதிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிக்கச் சொல்பவன் நான். தன் வார்த்தையில் அவள் சொன்னால், "புக்ல இப்படி இல்லையே" என்று நிறுத்துவேன். பள்ளியைக் குறை சொல்வதற்கு முன் இதையும் எழுதிவிட வேண்டும்.

காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70க்கு 31. புத்தகத்தின் உள்ளேயிருந்து கேள்விகள் வந்திருந்தன. வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதைதான். பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் சொன்ன தீர்வு, மாலையில் இன்னொரு மணி நேரம் ஸ்பெஷல் கிளாஸ். கூட்டம் முடிந்து வண்டி எடுக்கும்போது இயற்பியல் ஆசிரியர் கிட்டே வந்தார். "நான் பி.எஸ்சி.யில படிச்சதெல்லாம் இதுல இருக்கு சார். நானே ராத்திரி உக்காந்து படிச்சிட்டுத்தான் வர்றேன். மூணு தடவை எழுத வைக்கிறதுல எனக்கும் இஷ்டமில்ல, நோட்டைப் பார்த்து டிக் போட ஆபீஸ்ல கேக்கறாங்க" என்றார். வாரத்தில் இரண்டு நாளாவது எழுத்து வேலைக்குப் பதில் கணக்கு கொடுக்க முடியுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "புதன், சனி பாக்கறேன்" என்றார். வேதியியலில் கடைசிவரை மூன்று தடவைதான்.

அந்த முதல் புதன்கிழமை ஒரே ஒரு கணக்கு வந்தது. பூமியின் விட்டத்தை அடிக்கோடாக வைத்துப் பார்த்தால் நிலா 1 டிகிரி 55 நிமிடக் கோணம் காட்டுகிறது; நிலா எவ்வளவு தூரம்? இடமாறு தோற்ற முறை. முதல் பாடம்தான், ஜூனிலேயே மூன்று முறை எழுதி முடித்தது. எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. பேனாவை மூக்குக்கு நேரே பிடித்து இடக்கண்ணை மூடினாள், பிறகு வலக்கண்ணை மூடினாள். பேனா பின்சுவர்க் காலண்டரில் இங்கும் அங்கும் குதித்தது. கையை நீட்டினால் குதிப்பு குறைந்தது. "அப்பா, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் அடிக்கோடு! பேனா தள்ளிப்போனா கோணம் சின்னதாகுது!" அப்புறம் கோணத்தை ரேடியனுக்கு மாற்றி, பூமியின் விட்டத்தை அதால் வகுத்தாள். சுமார் 3.83 லட்சம் கிலோமீட்டர். மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. மொட்டை மாடிக்குப் போய் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தோம். எதிர்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

அதற்குப் பிறகு ஒப்பிக்கச் சொல்வதை விட்டேன். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று மட்டும் கேட்பேன். சில நாள் அவளுக்கே எரிச்சல். மனப்பாடம் செய்துவிட்டால் நிம்மதி என்பாள். அரையாண்டில் 44 வந்தது. 2019 மார்ச் பொதுத்தேர்வில் செய்முறை 20, அகமதிப்பீடு 10 சேர்த்து இயற்பியல் 83. வேதியியல் 76. பெரிய மார்க் இல்லைதான், சொந்தக்காரர்கள் அதைச் சொல்லாமல் விடவும் இல்லை. நடுவில் கைடும் வந்தது. வாங்கினோம், ஒன் வேர்டு பார்க்க உதவியது.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை இப்போது எடுத்துவிட்டார்கள். போன வாரம் அலுவலகத்தில் ஒருவர், மகனை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று கேட்டார். பள்ளிப் பெயர் எதுவும் நான் சொல்லவில்லை. அங்கே படிக்கும் பிளஸ் ஒன் பையன் யாரிடமாவது இயற்பியல் நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள், கணக்கு எத்தனை பக்கம், ஒரே விடை எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள் என்றேன். முதலில், அந்தப் பையனிடம் பிளஸ் ஒன் நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள் என்றும் சொன்னேன்.