ஏழு ஜோடிக்கு எவ்வளவு கொடுக்கலாம்

போக்கரை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட முதல் ஆண்டில், ஆட்டம் முடிந்ததும் ஒரு நோட்டில் கணக்கு எழுதிவிட்டுத்தான் படுப்பேன். எந்தச் சீட்டோடு உள்ளே போனேன், எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோது நஷ்டம் நான் நினைக்காத இடத்தில் சேர்ந்திருந்தது. இரண்டு முதல் ஏழு வரையிலான ஜோடிகளில்! (ஒரே எண்ணில் இரண்டு சீட்டு வந்தால் ஜோடி; கையில் இரண்டு ஏழு இருந்தால் அது ஏழு ஜோடி.) யாரோ ரைஸ் செய்திருப்பார், அதாவது பந்தயத்தை உயர்த்தியிருப்பார்; கையில் ஜோடி இருக்கிறதே என்று நானும் கால் செய்திருப்பேன், அதே தொகையைக் கொடுத்து ஆட்டத்தில் நீடித்திருப்பேன். ஒவ்வொன்றும் சின்னத் தொகை. அதனால்தான் அன்றன்றைக்கு வலிக்கவில்லை.

நான் ஆடுவது ஹோல்டெம்: ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. இதில் கையில் ஜோடி விழுவது சராசரியாக 17 முறைக்கு ஒரு முறை. அவ்வளவு நேரம் காத்திருந்து வந்ததை விட்டுவிட மனம் வராது. ஆனால் ஃப்ளாப்பில், அதாவது நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டில், அதே எண்ணில் இன்னொரு சீட்டு இறங்கி செட் (ஒரே எண்ணில் மூன்று) ஆவதற்கான வாய்ப்பு சுமார் 11.8 சதவீதம்தான். எட்டரை முறைக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைக் காசாக மாற்றிப் பார்த்த நாளில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. சீட்டுப் போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகைதான் பிளைண்டு; சிறியது பெரியதில் பாதி, கணக்கு பெரியதில். ஒருவர் பெரிய பிளைண்டைப்போல் மூன்று மடங்குக்கு ரைஸ் செய்கிறார். மற்றவர்கள் விலகிவிட, நான் மூன்று பிளைண்டு கொடுத்துக் கால் செய்கிறேன். செட் விழாதபோதெல்லாம் விலகிவிடுவதாக இருந்தால், ஒரு வெற்றிக்கு ஏழரைத் தோல்வி, அதாவது 22.5 பிளைண்டு. அவருடைய ரைஸும் இரண்டு பிளைண்டுகளுமாக ஏற்கெனவே நடுவில் கிடப்பது 4.5. மீதி 18 பிளைண்டை ஃப்ளாப்புக்குப் பிறகு அவரிடமிருந்து வாங்க வேண்டும். அதுவும் செட் விழும் ஒவ்வொரு முறையும், சராசரியாக. அப்போதும் கையில் லாபம் எதுவும் நிற்காது.

நோட்டை மறுபடி புரட்டினேன். எதிரில் இருந்தவரிடம் மொத்தமே 20, 25 பிளைண்டு இருந்த ஆட்டங்களில்கூட நான் கால் செய்திருந்தேன். அவர் ஏஸ்-கிங் வைத்திருந்து ஃப்ளாப்பில் எதுவும் பொருந்தாமல் போனால், எனக்குச் செட் விழுந்தும் பயனில்லை. முதல் பந்தயத்திலேயே விலகிவிடுவார். அன்று நோட்டில் ஒரு புதிய கட்டம் போட்டேன்: 'எதிரில் எவ்வளவு இருந்தது'. இருவரில் குறைவாக வைத்திருப்பவரின் தொகை, நான் கொடுக்கும் விலையைப்போல் 15 மடங்காவது இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட அளவு. 20 என்றால் நிம்மதி.

ரைஸ் செய்பவர் யார் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். முதலில் முடிவெடுக்க வேண்டிய இருக்கையிலிருந்து அபூர்வமாக ரைஸ் செய்யும் ஆளிடம் பெரிய ஜோடி இருக்கக்கூடும், அதை அவரால் எளிதில் விட முடியாது. செட்டுக்குப் பணம் தருபவர் அவர்தான். பட்டனிலிருந்து, அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவெடுக்கும் இருக்கையிலிருந்து, பாதிச் சீட்டுகளுக்கு ரைஸ் செய்பவரிடம் பெரும்பாலும் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. பலவீனமாக ஆடுகிறார் என்று நினைத்து அவருக்கு எதிராகத்தான் மூன்று ஜோடியையும் நான்கு ஜோடியையும் அதிகம் ஆடியிருக்கிறேன். தலைகீழான வேலை.

இந்தக் கட்டுப்பாட்டைப் பழகிய பிறகு எதிர்ப்பக்கத் தவறு ஒன்றில் விழுந்தேன். நடுத்தர ஜோடிகளையும் அதே தராசில் நிறுத்தினேன். என்னைவிட நெடுநாள் ஆடியவர் ஒருவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஒன்பது ஜோடியை ஏன் மூன்று ஜோடி மாதிரி ஆடுகிறீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒன்பது ஜோடிக்கு ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழுவது நூற்றுக்கு 79 முறை. பெரிய சீட்டைக் கண்டதும் விலகினால், செட் விழாத ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை எதிராளிக்கே கொடுத்துவிட்டு வருகிறோம். மூன்று ஜோடி செட் ஆகாவிட்டால் பெரும்பாலும் செத்தது. ஒன்பது அப்படியல்ல. எதிரே ஏஸ்-குயின் இருந்தால் கிங்-ஆறு-இரண்டு என்ற ஃப்ளாப்பில் ஒன்பதுதான் முன்னால் நிற்கிறது.

அப்படியே ஓர் ஆட்டம் வந்தது. பட்டனில் நான், கையில் ஒன்பது ஜோடி, ஃப்ளாப்பில் கிங்-ஆறு-இரண்டு. ரைஸ் செய்திருந்தவர் பந்தயம் வைத்தார். கைகள் குளிர்ந்தன, ஆனாலும் கால் செய்தேன். அடுத்த இரண்டு சீட்டுகளுக்கும் இருவருமே பந்தயம் வைக்கவில்லை. அவர் திருப்பிக் காட்டியது ஏஸ்-குயின். நடுவில் சேர்ந்த பணம் சிறியதுதான், ஆனால் அந்த மாதத்தில் நான் மிகவும் மதித்த வெற்றி அது. ஃப்ளாப் ஏஸ்-குயின்-ஜாக் என்று வந்திருந்தால் ஒரு நொடிகூட நிற்காமல் விலகியிருப்பேன். ரைஸ் செய்தவரின் சீட்டுகள் இருப்பதே அங்கேதான்.

எனக்கு இன்னும் தீராத இடம் ஒன்று உண்டு. எட்டு ஜோடியோடு நானே மூன்று பிளைண்டுக்கு ரைஸ் செய்கிறேன்; எனக்குப் பிறகு முடிவெடுக்கும் ஒருவர் பத்துக்கு ஏற்றுகிறார். இருவரிடமும் தொடக்கத்தில் நூறு. இன்னும் ஏழு கொடுத்தால் அவரிடம் மீதி 90, அதாவது 13 மடங்கு. என் அளவுக்குக் குறைவு, அதோடு ஒவ்வொரு சுற்றிலும் நான்தான் முதலில் முடிவெடுக்க வேண்டும். ஆனால் எட்டை வெறும் செட் வேட்டைச் சீட்டாகவும் நினைக்க முடியவில்லை. பாதி முறை விலகுகிறேன், பாதி முறை கொடுக்கிறேன். நோட்டில் அந்த ஆட்டங்களுக்கு எதிரே மட்டும் இப்போதும் கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.