வரிசை, தறப்பாள், கஞ்சி: பெரியம்மாவோடு சில நாட்கள்

14 ஏப்ரல் 2025, கிளிநொச்சி

புத்தாண்டு வெடிச்சத்தம் பெரியம்மாவை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்றால் பலர் நம்பமாட்டார்கள். செல் குண்டும் கிபிர் போர்விமானமும் கேட்ட காதுக்கு வெடிதான் பகை என்று நினைக்கிறோம். ஆனால் வெடி கொளுத்தும் நாளும் நேரமும் அவருக்கு முன்கூட்டியே தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் "அம்மம்மா, வெடி போடப்போறம்" என்று குரல் கொடுத்துவிடுகிறார்கள். போர் தந்த மனவடுவோடு வாழும் அவரைக் குலைப்பவை யாரும் எச்சரிக்காத, அன்றாட விடயங்கள். அவற்றையே இங்கு எழுதிவைக்க விரும்புகிறேன்.

23 ஏப்ரல்

கிளினிக்கில் வரிசை நீண்டிருந்தது. பெயர்ப் பட்டியலை உரத்து வாசிக்கத் தொடங்கியதும் பெரியம்மாவுக்கு உள்ளங்கை வியர்த்தது. உடனே வீட்டுக்குப் போகவேண்டும் என்று என்மீது சீறினார். 2009இல், போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் பதிவுக்கும் வரிசையில் நின்றவர் அவர். 2022இல் எரிவாயுவுக்காக நாடே வரிசையில் நின்றபோதும், விறகு பொறுக்கி அடுப்பு மூட்டினாரே தவிர வரிசைப் பக்கம் போகவில்லை. ஆபத்தை உணரும் அமிக்டலா என்னும் மூளைப்பகுதி, நினைவுக்குக் காலமும் இடமும் குறிக்கும் ஹிப்போகாம்பஸ் விழித்துக்கொள்ளுமுன்பே உடலை உசுப்பிவிடுகிறது. நெஞ்சு படபடத்த பிறகுதான் இது கிளினிக் என்ற அறிவு வந்துசேர்கிறது. "ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ" என்ற ஆறுதல் அந்தக் கணத்தில் உள்ளே போவதில்லை.

4 மே

பெரியம்மா "குணம் மாறிப்போன ஆள்" என்று உறவினர் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இலேயே, ஒரு விபத்தின் பாதிப்பும் தப்பிக்க வழியின்றி நீண்டகாலம் அனுபவித்த கொடுமையின் பாதிப்பும் ஒன்றல்ல என்று எடுத்துக்காட்டினார். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, சிக்கலான மனவடுவைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பழைய நிகழ்வு இப்போது நடப்பதுபோல் மீள்வது, அதை நினைவூட்டுவனவற்றைத் தவிர்ப்பது, எப்போதும் ஆபத்து சூழ்ந்திருப்பதாக உணர்வது ஆகிய மூன்றோடு, உணர்ச்சியை அடக்கமுடியாமை, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம், யாரோடும் நெருங்கமுடியாமை ஆகியவையும் இதில் சேர்கின்றன. "நான் ஏன் மிஞ்சினன்" என்று பெரியம்மா கேட்பதும், அன்பாகப் பேசவந்த மருமகளோடு முறித்துக்கொண்டதும் குணக்கேடல்ல என்று இனியாவது வீட்டில் விளங்கவேண்டும்.

11 மே

பக்கத்தில் புது வீடு கட்டுகிறார்கள்; சீமெந்து மூட்டைகளைத் தறப்பாளால் மூடியிருந்தார்கள். பிற்பகல் மழை அதன்மேல் விழத்தொடங்கி, போர்க்காலத் தறப்பாள் கொட்டிலை நினைவூட்டியபோது பெரியம்மா குந்தில் இருந்தபடியே பேச்சற்றுப்போனார். ஓடவில்லை, அழவில்லை, கண் திறந்திருந்தும் பார்வை எங்கோ இருந்தது. தப்பவும் எதிர்க்கவும் வழியில்லாதபோது உயிர் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் கடைசி வழி இந்த உறைதல். ஓசையற்றதால் இதைப் பிடிவாதமென்றோ காது மந்தமென்றோ தள்ளிவிடுகிறார்கள். நான் தோளைத் தொட்டு உலுக்கவில்லை, என்ன நினைவு வந்ததென்றும் கேட்கவில்லை. முன்னால் இருந்து, என் பெயரையும் ஆண்டையும் சொல்லி, இது நம்முடைய வீடு என்று மெல்லச் சொன்னேன். பாதத்தை நிலத்தில் அழுத்தச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர்க் குவளையைக் கையில் கொடுத்தேன். நெடுநேரத்துக்குப் பின் "மழை விட்டிட்டுதோ?" என்று கேட்டார்.

18 மே

முள்ளிவாய்க்கால் நினைவுநாளான இன்று பெரியம்மா தாமே கஞ்சி காய்ச்சினார்: அரிசி, தண்ணீர், உப்பு மட்டும், போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் குடித்தது போலவே. தறப்பாளில் விழுந்த மழைக்கு உறைந்தவர், இந்தக் கஞ்சியை அயலவருக்கு ஊற்றிக்கொடுத்து, அவர்களோடு சேர்ந்து அழுதார். அந்த மழை சொல்லாமல் வந்தது. இந்தக் கஞ்சியை, நாளும் இடமும் துணையும் தெரிந்து அவரே அடுப்பில் வைத்தார். மீட்சியில் பாதுகாப்பை முதற்கட்டமாகவும் நினைவுகூர்ந்து துக்கிப்பதை அடுத்த கட்டமாகவும் ஹெர்மன் வைத்தது சரியென்றே படுகிறது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இங்குள்ள மனவடுவைக் கூட்டு மனவடு என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் துக்கத்துக்கும் கூட்டம் வேண்டும்.

பக்கத்து வீட்டார் மூட்டைகளை உள்ளே எடுத்துவைக்கச் சம்மதித்துவிட்டார்கள். அடுத்த கிளினிக்கில், பெயரை உரத்து வாசிக்காமல் பெரியம்மாவை அருகில் வந்து அழைக்கமுடியுமா என்று தாதியிடம் கேட்கப்போகிறேன்.