கோர்பேவேக்ஸ் போட்ட நாட்கள்

2022 மார்ச் 16 அன்று 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினோம். அதுவரை எங்கள் கைக்குப் பழகியிருந்தவை கோவிஷீல்டும் கோவேக்சினும்தான். இந்த வயதினருக்கு வந்தது கோர்பேவேக்ஸ். ஹைதராபாத்தில் உள்ள பயாலஜிக்கல் இ நிறுவனத்தின் தயாரிப்பு. பெரியவர்களுக்கு 2021 டிசம்பர் கடைசியில் அனுமதி கிடைத்தது, 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் கிடைத்தது. நான் அப்போது ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன்.

பள்ளிக்குப் போவதற்கு முன்பே வீட்டு வாசல்களில் கேள்விகள் தொடங்கிவிட்டன. ஜனவரியில் 15 வயது அண்ணனுக்குக் கோவேக்சின் போட்டோம், இப்போது தங்கைக்கு மட்டும் ஏன் வேறு ஊசி? “சின்னப் புள்ளைங்கள வச்சு சோதிச்சுப் பாக்குறாங்களா நர்சம்மா?” என்று ஒரு பாட்டி நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தது அரை மில்லி, கையின் மேற்புறத் தசையில், 28 நாள் இடைவெளி, கோவின் பதிவு, இவ்வளவுதான். ‘அரசாங்கம் அனுப்பியிருக்கு, போட்டுக்கோங்க’ என்று சொல்லி அந்தப் பாட்டியை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் மேடத்திடம் போய்க் கேட்டேன். ஓ.பி. முடிந்த பிறகு எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார்.

கொரோனா வைரஸின் மேல் முள் முள்ளாக இருக்கும் புரதம் எல்லோரும் படத்தில் பார்த்ததுதான். அந்த முள்ளின் நுனிப்பகுதிதான் நம் செல்லில் போய் ஒட்டுகிறது. பூட்டுக்குள் நுழையும் சாவியின் பல் மாதிரி. கோர்பேவேக்ஸில் இருப்பது அந்த நுனிப்பகுதி மட்டும். வைரஸ் கிடையாது, உயிருள்ளதும் இல்லை, செத்ததும் இல்லை. அந்தப் புரதத்தைச் செய்வதற்கான மரபணுவை ஒரு வகை ஈஸ்ட்டுக்குள் வைத்து, பெரிய தொட்டிகளில் வளர்க்கிறார்கள். ஈஸ்ட் அந்தப் புரதத்தை உண்டாக்கித் தரும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைக்கிறார்கள். கோவேக்சின் செயலிழக்க வைத்த முழு வைரஸ். கோவிஷீல்டு வேறொரு வைரஸின் முதுகில் செய்முறையை ஏற்றி அனுப்பி, புரதத்தை நம் செல்களையே செய்ய வைக்கிறது. கோர்பேவேக்ஸில் புரதம் தொழிற்சாலையிலேயே தயாராகி வந்துவிடுகிறது.

அப்புறம் மேடம் சொன்னதுதான் எனக்குப் பெரிய பிடிமானம். புதன்கிழமைதோறும் நாங்கள் கைக்குழந்தைகளுக்குப் போடும், ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட்டில் உள்ள ஹெபடைடிஸ் பி பகுதியும் ஈஸ்ட்டில் செய்த புரதம்தான். உலகத்தில் அப்படிச் செய்த ஹெபடைடிஸ் பி ஊசிக்கு 1986-லேயே அனுமதி கிடைத்தது. இந்தியாவில் பென்டாவேலன்ட்டை 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியதே தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான். மடியில் கைக்குழந்தையோடு நிற்கும் அம்மாவிடம், “உங்க சின்னதுக்கு ஒன்றரை மாசத்துல போட்டோமே, அதுல ஒரு பகுதி இதே முறையில செஞ்சதுதான்” என்று அட்டையைக் காட்டிச் சொல்ல முடிந்தது.

ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் மேடம் கண்டிப்பாக இருந்தார். முறை பழையது, ஊசி புதியது. வெறும் புரதத்தை மட்டும் செலுத்தினால் உடம்பு பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதைத் தட்டி எழுப்ப இரண்டு துணைப் பொருட்கள் சேர்த்திருக்கிறார்கள். ஒன்று அலுமினிய உப்பு, பல பத்தாண்டுகளாகத் தடுப்பூசிகளில் இருப்பது. இன்னொன்று சிபிஜி 1018, ஆய்வகத்தில் செய்த குட்டி டிஎன்ஏ துண்டு. அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்ற ஒரு ஹெபடைடிஸ் பி ஊசியில் அது இருக்கிறது. இந்த ‘டிஎன்ஏ’ என்ற பெயரைப் போனில் படித்துவிட்டு, ஒரு கல்லூரி மாணவி தன் தம்பிக்காக என்னிடம் வந்து வாதாடினாள். அந்தத் துண்டில் எந்தப் புரதத்துக்கான செய்தியும் இல்லை, பாக்டீரியா வந்துவிட்டது என்று எதிர்ப்பு செல்களை உஷார்ப்படுத்துவதுதான் அதன் வேலை என்று சொன்னேன். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அலுமினிய உப்பு இருப்பதால் இந்த ஊசி உறையவே கூடாது. உறைந்தால் மருந்து கெட்டுப்போகும். பென்டாவேலன்ட்டுக்கும் அதே விதிதான். காலையில் ஐஸ் பேக்கை வெளியே எடுத்து, வேர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை காத்திருந்த பிறகுதான் குப்பிகளை எடுத்துப் போகும் கேரியரில் வைப்போம். வண்டி வந்து ஹாரன் அடித்தாலும் சரி, அந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது என்பதில் நான் இன்றும் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு குப்பியில் 20 டோஸ் என்பதால், வீணாகாமல் இருக்க வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைச் சேர்த்துத்தான் திறப்போம். வேறு ஊசியோடு கலந்துவிடாமல் இருக்க இதற்கென்று தனி அறை, தனி மேசை.

அந்தப் பள்ளியின் அறிவியல் டீச்சருக்கு இந்தத் தடுப்பூசியின் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பீட்டர் ஹோட்டஸ், மரியா எலினா போட்டாசி இருவரின் குழு, கொரோனா வகை வைரஸாலேயே முன்பு பரவிய சார்ஸ் நோய்க்காக ஏற்கெனவே செய்து வைத்திருந்த வேலையிலிருந்து வளர்ந்தது இது. காப்புரிமை கேட்காமல் கொடுத்தார்கள். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு டீச்சர் இதையே பாடமாக நடத்தினார். பயந்துபோய் நின்ற பிள்ளைகளின் கவனம் ஊசியிலிருந்து விலகியது. ஊசிக்குப் பயந்து மயங்கி விழும் பிள்ளைகளைப் பல வருஷமாகப் பார்த்த எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

கஷ்டமான கேள்வியை ஒரு அப்பா கேட்டார். “இது போட்டா நூத்துல எத்தனை பேருக்கு நோய் வராதுன்னு சொல்லுங்க சிஸ்டர்.” அப்படி ஒரு கணக்கு அப்போது இல்லை. ஊசி போட்டவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எண்ணிப் பார்த்த சோதனையை வைத்து அனுமதி கொடுக்கவில்லை. ரத்தத்தில் உண்டான எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்து, கோவிஷீல்டு போட்டவர்களோடு ஒப்பிட்டுத்தான் பெரியவர்களுக்கு அனுமதி தந்தார்கள். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்த சுகாதார ஆய்வாளர் முகம் சுளித்தார். இவ்வளவு சொன்னால் யார் போட்டுக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. என் எண்ணம் வேறு. நாளைக்கே இந்தப் பிள்ளைக்குக் கொரோனா வந்தால், இதே அப்பா என் வாசலில்தான் வந்து நிற்பார். ‘வராதுன்னு சொன்னீங்களே’ என்று அவர் கேட்கும்படி ஆகிவிட்டால், அடுத்து நான் எந்த ஊசியை எடுத்துப் போனாலும் அந்தத் தெரு என்னை நம்பாது.

அன்றைக்கு அந்த அப்பா சம்மதக் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் மகளோடு வந்தார். போட்ட பிறகு அரை மணி நேரம் முழுதாக உட்கார வைக்கச் சொன்னார். குப்பியின் பேட்ச் நம்பரையும் கேட்டார். மகளின் நோட்டுக் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அடுத்த டோஸ் தேதியையும் கீழே குறித்தேன்.