எழுதிக் கொடுத்த பிரச்சினை

காத்திருப்புக் கூடத்தை விரிவாக்கத் தேவையில்லை என்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை இப்போது எடுத்துப் படித்தாலும், அதில் மாற்ற வேண்டிய வரி எதுவும் என் கண்ணில் படவில்லை. அளவுகள் சரியாகவே இருக்கின்றன, காரணங்களும் அப்படியே. அந்த மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் இருந்த நெரிசல், அறிக்கையின்படி செய்த வேலையால் குறைந்தும்விட்டது. ஆனாலும் அறிக்கையை நிர்வாகம் ஏற்றுக்கொண்ட கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, அங்கே நெடுங்காலமாகப் பணியாற்றும் மூத்த செவிலியர் ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் மனதை விட்டு அகலவில்லை. "நாங்கள் எழுதிக் கொடுத்த பிரச்சினையைத் தீர்த்துவிட்டீர்கள் சார். எழுதிக் கொடுக்காததை இனி எதைச் சொல்லிக் கேட்பது?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

நிர்வாகம் என்னை அழைத்தது விரிவாக்கத்துக்கு பிளான் போடத்தான். கூடத்தில் இடமில்லை, நோயாளிகள் நிற்கிறார்கள், ஆகவே பக்கவாட்டில் இன்னொரு கூடம் வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. கட்டடம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பிரச்சினையைக் கொண்டுவருவதில்லை. தாங்களே யோசித்து முடித்த ஒரு தீர்வைக் கொண்டுவருகிறார்கள். அந்தத் தீர்வுக்குப் பின்னால் போய், எது இவர்களை இந்த முடிவுக்குத் தள்ளியது என்று பார்ப்பதே எங்கள் தொழிலின் முதல் வேலை என்று நான் நம்புகிறேன். கட்டடக்கலை என்றால் முகப்பும் உருவமும் என்று எண்ணுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதும் இதைத்தான்: யார் எங்கே நிற்கிறார், எதைப் பார்க்க முடியாமல் எழுந்து போகிறார், எந்தக் கதவு யாருடைய வழியை மறிக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் இதில் பெரும்பகுதி.

ஆகவே எதையும் வரையாமல் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். முன்பக்கம் அத்தனை பேர் நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில் பின்வரிசை நாற்காலிகளில் பாதி காலியாகக் கிடந்தன. மருத்துவரின் அறை வாசலில் நின்று உதவியாளர் ஒருவர் பெயரைக் கூப்பிடுவார். கூரை, சுவர், தரை எல்லாமே ஒலியை உறிஞ்சாத வழவழப்பான பரப்புகள் என்பதால், கூப்பிட்ட பெயர் எதிரொலித்துக் குழம்பி, முன்வரிசைகளைத் தாண்டும்போது வெறும் சத்தமாகிவிடும். நடுவில் இருந்த தூண் ஒன்று, பின்வரிசையில் இருப்பவர்களின் பார்வையிலிருந்து அந்த வாசலை மறைத்தது. பெயர் காதில் விழாவிட்டால் முறை போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொருவராக எழுந்து வாசலருகே வந்து நிற்பார்கள். தூணில் தோள் உயரத்தில், சாய்ந்து நின்றவர்களின் எண்ணெய்க் கறை படிந்து பழுப்பேறியிருந்தது. தரை ஓடுகள் அந்த வாசலைச் சுற்றி மட்டும் மெருகு போய் மங்கியிருந்தன. பின்பக்கத்தில் நேற்றுப் பதித்தவைபோல் பளபளத்தன. பதிவு கவுண்டர் நுழைவாயிலை ஒட்டியே இருந்ததால் அதன் வரிசை நின்றுகொண்டிருந்தவர்களுக்கு நடுவே குறுக்காகப் போனது. சக்கர நாற்காலி ஒன்று நின்ற இடத்திலேயே முழுதாகத் திரும்புவதற்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். அந்த வாசலில் நான் பார்த்தவரை அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

கூடத்தைப் பெரிதாக்கினால் காத்திருப்பு குறையாது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, அங்கே வந்துசேருகிறவர்களின் வேகத்தையும் ஒருவர் அங்கே செலவிடும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும்; ஜான் லிட்டில் 1961-இல் இதைக் கணித முறைப்படி நிறுவினார். மணிக்கு 60 பேர் வந்து, ஒவ்வொருவரும் 2 மணி நேரம் தங்கினால், உள்ளே எப்போதும் ஏறத்தாழ 120 பேர் இருப்பார்கள். இந்தக் கணக்கில் கூடத்தின் பரப்பளவு எங்குமே வருவதில்லை. அத்தனை பேருக்கும் நாற்காலி இல்லாவிட்டால் கூடம் சிறியது என்று சொல்லலாம். நாற்காலி காலியாக இருக்கும்போதே மக்கள் நிற்கிறார்கள் என்றால், புதிய கூடத்திலும் அவர்கள் வாசலருகேதான் நிற்பார்கள்.

பரிந்துரைகள் எளிமையானவை. கவுண்டரை நுழைவாயிலின் மறுபக்கத்துக்கு மாற்றுவது, நாற்காலிகளை மருத்துவர் அறைகளைப் பார்க்கும்படி திருப்பிப் பின்மூலை வரை பரப்புவது, டோக்கன் எண் காட்டும் பலகையைத் தூண் மறைக்காத இடத்தில் வைப்பது, கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகைகள் பொருத்துவது, இவற்றோடு கூடத்துக்கும் அடுத்திருந்த நடைவழிக்கும் இடையிலான சுவரில் ஒரு வாசல் திறப்பது. மருத்துவரைப் பார்த்து முடித்தவர்கள் வந்த வழியே திரும்பி வராமல், அந்த வாசல் வழியாக மருந்தகத்துக்குப் போய்விடலாம். அது தூண்களுக்கு இடையே நிரப்பிய சுவர்தான், பாரம் தாங்கும் சுவர் அல்ல என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து உறுதிசெய்தார். திறப்புக்கு மேலே உள்ள சுவரைத் தாங்க லிண்டல் என்ற குறுக்கு விட்டம் கொடுத்துவிட்டு உடைக்கலாம். விரிவாக்கத்துக்கு ஒதுக்கியிருந்த தொகையில் ஒரு சிறு பங்கு போதும் என்று மதிப்பீடு போட்டேன். என் கட்டணமும் அதற்கேற்பக் குறைந்தது. அதைப் பற்றி எனக்கு அப்போதும் வருத்தமில்லை, இப்போதும் இல்லை.

கட்டத் தேவையில்லை என்று சொல்வதும் எங்கள் தொழிலுக்குள் அடங்கியது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. பிரான்சின் போர்தோ நகரில் ஒரு சிறிய சதுக்கத்தை அழகுபடுத்தும் பணி 1996-இல் ஆன் லகாதோன், ழான்-பிலிப் வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரிடமும் வந்தது. அவர்கள் அங்கே நேரம் செலவிட்டு, குடியிருப்பவர்களிடம் பேசிவிட்டு, சதுக்கம் இருக்கிறபடியே நன்றாக இருக்கிறது, சரளையைப் புதுப்பித்து, மரங்களைப் பராமரித்து, அடிக்கடி சுத்தம் செய்தால் போதும் என்று சொன்னார்கள். கட்டடக்கலையில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு 2021-இல் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த அறிக்கையை எழுதும்போது இந்தச் சதுக்கம் என் நினைவில் இருந்தது. ஆனால் அவர்கள் குடியிருப்பவர்களிடம் பேசினார்கள் என்ற பகுதி, செவிலியர் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்குள் உறைக்கத் தொடங்கியது. நானும் பேசினேன்தான். உதவியாளரிடம், கவுண்டரில் இருந்தவரிடம், நோயாளிகளிடம், இதே செவிலியரிடமும் கேட்டேன். கேட்டதெல்லாம் நெரிசலைப் பற்றி.

எழுதிக் கொடுக்காதது என்னவென்று அன்று அவரிடம் கேட்டபோது, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். புதிய கூடம் வந்துவிட்டால் பழைய கூடத்தின் பின்மூலை மிச்சமாகும். அதைத் தடுத்து ஓர் அறையாக்கிக்கொள்ளலாம் என்று செவிலியர்கள் எண்ணியிருந்தார்கள். சோதனை முடிவு மோசமாக வந்திருக்கும்போது நோயாளியின் வீட்டாரை உட்காரவைத்துப் பேசுவதற்கு ஓர் அறை. "இப்போது எங்கே பேசுகிறீர்கள் சிஸ்டர்?" என்று கேட்டேன். "அந்த நடைவழியில்தான் சார். அங்கேதான் ஆள் நடமாட்டம் இருக்காது" என்றார். நான் வாசல் திறக்கச் சொன்ன நடைவழி அது. "இதைக் கடிதத்தில் எழுதியிருக்கலாமே?" என்றேன். "பேசுவதற்கு ஓர் அறை வேண்டும் என்று கேட்டால் யார் தருவார்கள்? நெரிசல் என்று சொன்னால்தான் கொடுப்பார்கள்."

இந்த உரையாடலை எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்தாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். ஆளில்லாமல் இருந்ததால்தான் அந்த நடைவழியை நான் தேர்ந்தெடுத்தேன். ஆளில்லாமல் இருந்ததால்தான் அவர்கள் அங்கே பேசினார்கள். நான் காலி என்று குறித்துக்கொண்ட பின்மூலையும் அவர்கள் மனதில் ஏற்கெனவே ஓர் அறையாக இருந்திருக்கிறது. பயன்படாத இடத்தைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவது எங்கள் தொழிலில் ஒரு திறமை. ஓர் இடம் பயன்படவில்லை என்பதை நான் ஆள் எண்ணிக்கையை வைத்து முடிவுசெய்கிறேன். அதற்கு வேறு அளவுகோல் என்னிடம் இருக்கவுமில்லை.

அன்றே நிர்வாக அதிகாரியிடம் போனேன். மீதமாகும் தொகையில் ஒரு சிறு அறை கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தொகை நெரிசலைக் குறைக்கும் தலைப்பில் ஒதுக்கப்பட்டது, அது குறைந்த செலவில் முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மீதி திரும்பிப் போய்விடும், அறை வேண்டுமானால் தனியாக விண்ணப்பிக்கட்டும் என்றார். அவர் சொன்னது முறையானதே. நடைவழியில் ஒரு பக்கம் தடுப்பு வைத்து இரண்டு நாற்காலிகள் போடலாமா என்று யோசித்தேன். தீ விபத்தின்போது வெளியேறும் வழியின் அகலத்தை அது குறைத்துவிடும் என்பதால் நானே அதைக் கைவிட்டேன். வாசலை வேறு சுவரில் திறக்க வழியிருக்கவில்லை. அறை ஏன் தேவை என்று தனிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அது கோப்பில் இருக்கிறது. செவிலியர்கள் இப்போது மாடிப்படியின் திருப்பத்தில் நின்று பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அறை ஒரு வசதிதானே, நெரிசல் அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் நோயின் நடுவில் இருப்பவருக்குச் சூழல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது என் துறையில் யாருக்கும் தெரியாததல்ல. ஆல்வார் ஆல்ட்டோ பின்லாந்தில் வடிவமைத்து 1933-இல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனையில், நோயாளி நாளெல்லாம் படுத்துக்கிடப்பவர் என்பதை வைத்தே அறையைத் தீர்மானித்தார். மேலே பார்த்தபடி கிடப்பவரின் கண்ணுக்கு இதமாகக் கூரைக்கு அடர்ந்த நிறம் பூசினார். அறையில் உடனிருப்பவர் உறங்கும்போது சத்தம் எழாதிருக்க, குழாய்த் தண்ணீர் சாய்வாக விழும்படி கைகழுவும் தொட்டியை அமைத்தார். ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களில் சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியதாகவும், கடுமையான வலிநிவாரணிகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டதாகவும் தெரியவந்தது. கூரையின் நிறமும் குழாயின் சத்தமும் சன்னலுக்கு வெளியே உள்ள மரமும் எந்த நிர்வாகத்தின் கோரிக்கைக் கடிதத்திலும் எளிதில் இடம்பெறக்கூடியவை அல்ல. மோசமான செய்தியை நின்றபடி கேட்பதா உட்கார்ந்து கேட்பதா என்பதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

திட்டமிடல் சார்ந்த பிரச்சினைகளுக்கு இறுதியான வரையறை கிடையாது, பிரச்சினையை வகுத்துச் சொல்வதே பெரும் பிரச்சினை, ஒருமுறை செய்துவிட்ட தீர்வைச் சுவடில்லாமல் திரும்பப் பெற முடியாது என்று ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973-இல் எழுதினார்கள். மாணவனாக இருந்தபோதே படித்தது. எந்த முடிவையும் இதைச் சொல்லி நியாயப்படுத்திவிடலாம் என்பதால் இதில் எனக்கு முழு ஆறுதல் கிடைப்பதில்லை.

இப்போதெல்லாம் கோரிக்கைக் கடிதத்தோடு வருகிறவர்களிடம், இந்தக் கட்டடம் வந்தால் கூடவே வேறு என்னவெல்லாம் நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கிறேன், அதுவும் ஒவ்வொருவரிடமும் தனியாக. கேட்டால் நிறையச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதை வெட்டுகிறது. ஒரு சிறிய வேலைகூட இந்தக் கேள்வியால் வீங்கிப்போனதை அலுவலகத்தில் பார்த்துவிட்டோம். கேட்காத தேவைகளைத் தேடிப் போவது நம் வேலை அல்ல, அது செலவைக் கூட்டும் வழி என்று என்னோடு பணிபுரியும் பொறியாளர் வாதிடுகிறார். அந்த வேலையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியாகவும் இருந்தது.

ஆனால் அவரிடம் நான் கேட்டது வேறு. அந்தச் செவிலியர் தொடக்கத்திலேயே என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாற்காலிகள் காலியாக இருந்தன என்ற உண்மை மாறியிருக்காது. கூடம் தேவையில்லை, அறை தேவை என்று எழுதியிருப்பேன். கூடத்துக்கு வந்த பணம் திரும்பிப் போயிருக்கும். அறை தனி விண்ணப்பமாகக் கோப்பில் கிடந்திருக்கும். நடைவழியாவது அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் என்று வேண்டுமானால் சொல்லலாம். அப்போது மருந்தகத்துக்குப் போகிறவர்கள் பழையபடி கூட்டத்துக்குள்ளேயே திரும்பி வந்திருப்பார்கள். அந்த அறை உறுதியாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே வழி, நெரிசலுக்காகப் புதிய கூடம் தேவை என்று நான் கையெழுத்திட்டிருப்பதுதான். அப்படி எழுதியிருக்கவே கூடாது என்று பொறியாளர் உடனே சொல்லிவிட்டார். கணக்கைப் பார்த்தால் நானும் அதையே சொல்ல வேண்டும். மாடிப்படித் திருப்பத்தில் நின்று செய்தி கேட்கிற வீட்டாரை நினைத்தால், அவ்வளவு உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.